பதினான்கு நொடிகள்

என் தம்பி ஆர்லிஸ் காடில் பதினெட்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனான். முப்பத்துமூன்று வயதில் வெளியே வந்தான். அந்தப் பதினைந்து வருடத்தில் பெரும்பகுதி கூரைக்குக் கம்பி முடுக்குகிற வேலை. சுரங்கத்தின் கூரைப் பாறையில் அண்ணாந்து துளை போட்டு, பாறை தலையில் இறங்காதபடி நீளமான கம்பிகளை ஏற்றி முடுக்க வேண்டும். துளை போடும்போது பாறை மாவாக உதிர்ந்து நேராக முகத்தில் விழும். எங்கள் பக்கத்து மலைகளில் நல்ல கரியெல்லாம் தாத்தா காலத்திலேயே தோண்டி எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டரை அடி தடிமனுள்ள கரிப் படுகை. அதை எடுக்க அதைவிட அதிகமாகப் பாறையைக் குடைய வேண்டும். ஆர்லிஸ் இழுத்த மூச்சில் உள்ளே போனது கரியைவிடப் பாறைதான் அதிகம்.

தூசி அளக்கும் கருவி ஒன்று உண்டு. அரசாங்கம் கணக்குக் கேட்கும் நாட்களில் அதை இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். இவன் போன சுரங்கத்தில் அதைச் சாப்பாட்டு வாளிக்குள் போட்டு மூடச் சொல்வார்கள். மூடாதவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. ஆர்லிஸும் மூடினான். அதை அவன் மறைத்ததில்லை.

"என் சாண்ட்விச்சுக்கு நுரையீரல் ரொம்ப நல்லாருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு" என்று மேடையிலேயே சொல்வான். ஜனங்கள் சிரிப்பார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பார்கள்.

பாட்டுகளை அவன் கம்பி வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளில் எழுதினான். சாப்பாட்டு நேரத்தில் அட்டையைக் கிழித்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் எழுதி, சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவான். முப்பத்தொரு அட்டைகள். எல்லாவற்றையும் தேதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட சுரங்கம் என்ற சொல் வராது. கிழிந்த திரைச்சீலை, வராத கடிதம், பக்கத்து வீட்டு நாய், விவாகரத்து வாங்கிக்கொண்டு போன அவன் மனைவி, இவைதான் வரும். "நாள் பூரா பாத்தத யாருக்கா பாட்டா வேற கேப்பா?" என்பான்.

சுரங்கத்தை விட்ட பிறகு பாட்டே தொழிலாயிற்று. பின்னால் எந்தப் பாட்டுக் கம்பெனியும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதன் விளையாட்டுக் கூடத்தில் கம்பளி தொங்கவிட்டு இரண்டு ஆல்பம் பதிவு செய்தான். மூன்று லட்சம் மைல் ஓடிய வேனில் அவனும் வெண்டல் ஸ்லோனும் ஊர் ஊராகப் போனார்கள். வெண்டல் பிடில் வாசிப்பவன், இரண்டாம் குரல் பாடுபவன். ஆர்லிஸைவிட நான்கு வயது சின்னவன், எங்கள் தேவாலயச் சபையைச் சேர்ந்தவன். வாய் மூடாத ஆள். ஆர்லிஸ் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவன் ஒரு ஊரைக் கடந்துவிடுவான்.

சனி, ஞாயிறுகளில் அவர்களோடு நானும் போவேன். சட்டை, ஆல்பம் விற்கிற மேசைக்கு ஆள் வேண்டும் அல்லவா. மற்ற நாட்களில் எனக்கு வேறொரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மேசையிலிருந்தபடியே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் போனில் படம் பிடிப்பேன். வீட்டுக்கு வந்து, இடம், தேதி, பாட்டின் பெயர், எத்தனை நிமிடம் என்று குறிப்பு எழுதி இணையத்தில் போடுவேன். நூற்றுப்பன்னிரண்டு வீடியோக்கள். முதல் வருடம் பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும். பிறகு ஆயிரம், பிறகு லட்சம்.

அதில் ஒன்று ஹேசர்ட் ஊர் விழாவில் எடுத்தது. கடைசிப் பாட்டின் கடைசி வரியில் ஆர்லிஸ் ஒரு சொல்லைப் பிடித்து இழுப்பான். கிட்டார் நின்றுவிடும், பிடில் நின்றுவிடும், குரல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கூட்டத்தில் இருமல்கூடக் கேட்காது. அந்த வீடியோவுக்கு நான் எழுதிய குறிப்பு இது: "ஹேசர்ட், செப்டம்பர் 14. கடைசி இழுப்பு பதினான்கு நொடி. மூன்று தடவை அளந்து பார்த்தேன். என் தம்பி!"

இதற்குள் அவனுக்கு உடம்பு கெட்டிருந்தது. மேடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாடினான். அதை ஒரு பாணி என்று எல்லாரும் நினைத்தார்கள். வீட்டில் படுத்துத் தூங்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினான். வாசலில் ஐந்து படி. மூன்றாவது படியில் நின்று, எதையோ யோசிப்பவன் மாதிரி ஓடையைப் பார்ப்பான். ஊர் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் கோழிமுட்டை அளவு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. நாற்பத்தொரு வயது.

சுரங்கத் தூசியால் வந்த நோய் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் ஒரு மருத்துவ அட்டை தருவார்கள். ஆக்சிஜன், மருந்து, லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் மாற்ற முடியுமா என்று பார்க்கும் பரிசோதனை, எல்லாம் அந்த அட்டையில்தான். அட்டை இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரி வாசலில்கூட நிற்க முடியாது. அதன் செலவு சுரங்கக் கம்பெனியின் தலையில் விழும். மனுப் போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அதே எக்ஸ்ரேயைப் பார்த்த கம்பெனி டாக்டர்கள் இது ஏதோ பழைய காய்ச்சலின் தழும்பு என்றார்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையில் எண்கள் மோசமாக வந்தன. அவன் வேண்டுமென்றே மெதுவாக ஊதுகிறான் என்றார்கள்.

அந்த டிசம்பரில் ஒரு இணையப் பத்திரிகை, வரும் வருடத்தில் கவனிக்க வேண்டிய பன்னிரண்டு தனிப் பாடகர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. பாட்டுக் கம்பெனி தயவு இல்லாமல் கன்ட்ரி பாட்டு பாடுகிறவர்கள். ஆர்லிஸ் ஏழாவது பெயர். "இவருடைய பாட்டில் மூச்சுக்கு முடிவே இல்லை. ஹேசர்ட் வீடியோவின் கடைசிப் பதினான்கு நொடியைக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் அச்செடுத்து, சமையலறைக் கதவில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் இரண்டு பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று ஒஹாயோவில் ஒரு அரங்கம், இன்னொன்று வட கரோலினாவில் கோடை விழா.

ஜனவரியில் எங்கள் வக்கீல் மிஸ் ஹோலிஃபீல்டிடமிருந்து ஒரு கட்டு வந்தது. சுரங்கக் கம்பெனி தாக்கல் செய்த சான்றுகள். ஒன்பதாவது சான்று என் வீடியோ. என் குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பின் போட்டிருந்தார்கள். பத்தாவது சான்று அந்தப் பட்டியல்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை கண் ஓடவில்லை.

மறுநாள் வெண்டல் எங்களை வேனில் வக்கீலிடம் கூட்டிப்போனான். மிஸ் ஹோலிஃபீல்ட் வயதில் சின்னவர், காசு வாங்காமல் சுரங்கக்காரர்களின் வழக்குகளை நடத்துகிறவர்.

"மிஸ்டர் காடில், விசாரிக்கப் போற நீதிபதி இதப் பாத்தா என்ன நினைப்பாரு? பதினாலு நொடி மூச்சு விடாம பாடறவருக்கு நுரையீரல் இல்லேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அது வேற மேடம், பாட்டு மூச்சு வேற" என்றான் ஆர்லிஸ்.

அவர் அவனையே பார்த்தார். அவன் தொப்பியைப் பார்த்தான். வெண்டல் வாயைத் திறந்தான், ஆர்லிஸ் அவன் காலை மிதித்தான். நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் மலை ஏறும்போது கேட்டேன்.

"எதுக்குடா அவன் கால மிதிச்ச?"

"வேன் குலுங்குச்சு."

"நாம நாற்காலில உட்காந்திருந்தோம்."

வெண்டல் சிரித்துவிட்டான். "சொல்லிடுடா. உங்கக்காகிட்ட ஒளிக்கறதுக்கு அரசாங்கத்துக்கிட்டயே ஒளிச்சிடலாம்."

ஆர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். பேச மூச்சு சேர வேண்டும். பிறகு சொன்னான்.

"அக்கா, சபைல பாட்டு இழுக்கறப்ப எல்லாரும் சேந்தா மூச்சு வாங்குவோம்?"

எங்கள் சபையில் கிட்டார் கிடையாது, பியானோ கிடையாது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதை நீட்டி நீட்டிப் பாடுவோம். ஒருவருக்கு மூச்சு முடிந்தால் பக்கத்தில் இருப்பவர் தாங்குவார். அவர் வாங்கும்போது இவர் தாங்குவார். பாட்டில் இடைவெளி விழாது. குழந்தையிலிருந்தே பழகிய பழக்கம், யாரும் யோசித்துச் செய்வதில்லை.

"நாலு நொடி என்னுது. அதுக்கப்புறம் இவன் அடியில வந்துடுவான். அதே சத்தம், அதே உச்சரிப்பு. நான் கிட்டாருக்குச் சுதி சேக்கற சாவியத் திருகற மாதிரி முகத்தத் திருப்பிக்குவேன். மீதி பத்தும் இவன்தான்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"மைக்லேருந்து ஒரு அடி தள்ளி நிப்பேன் அக்கா, பிடிலத் தோள்ல வெச்சுக்கிட்டு தேவதூதன் மாதிரி" என்றான் வெண்டல். "ஒரு பய என் வாயப் பாக்கல. அவ்வளவு அழகு இவன் மூஞ்சி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றுப்பன்னிரண்டு வீடியோ எடுத்தவள் நான். என் கண்ணுக்கும் அது படவில்லை.

"இத அந்த நீதிபதிகிட்ட சொல்லணும்டா."

"சொன்னா?"

"அட்டை கெடைக்கும்."

"பாட்டு போயிடும். அந்த ரெண்டு எடமும் எதுக்குக் கூப்பிட்டாங்க? அந்தப் பதினாலு நொடிக்குத்தான். அது இவன் குரல்னு தெரிஞ்சா நான் யாரு? சட்டை விக்கறவனா?"

"அது என் வேலை" என்றேன்.

"செத்தா யார்ரா பாடுவா, முட்டாப்பய?" என்று வெண்டல் கத்தினான். முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

ஆர்லிஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டான். வீடு வந்ததும் மூன்றாவது படியில் நின்று, திரும்பாமலே சொன்னான்: "அக்கா, நீயும் சொல்லக் கூடாது."

சரி என்று சொன்னேன். எட்டு வயது மூத்தவள், அவன் கேட்டு நான் மறுத்தது குறைவு.

விசாரணை பைக்வில் ஊரில் பிப்ரவரியில் நடந்தது. பெரிய கோர்ட் அல்ல. நீளமான மேசை, ஒரு கொடி, சுவரில் ஒரு திரை. நீதிபதி வயதானவர், மூக்கில் இறங்கிய கண்ணாடி. கம்பெனி வக்கீல் இளைஞர், மரியாதையானவர். என்னைப் பார்த்து முதலில் எழுந்து நின்றார்.

வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்ல மிஸ் ஹோலிஃபீல்ட் என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். நாற்காலித் தூக்கம், ஐந்து படி, மூன்றாவது படி எல்லாம் சொன்னேன். பிறகு அந்த இளைஞர் எழுந்தார்.

"மேடம், வீடியோவோட இந்தக் குறிப்பு நீங்க எழுதினதா?"

"ஆமா."

"மூணு தடவை அளந்தேன்னு போட்டிருக்கீங்க. எதுல அளந்தீங்க?"

"சமையலறைல வெச்சிருக்கற டைமர்ல. ரொட்டி கருகாம இருக்க வெச்சிருக்கோம்."

"அளந்தா சரியா அளக்கறவங்க நீங்க. அப்படி எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்."

"நல்லது. அப்ப ஒரே ஒரு கேள்வி. அந்தப் பதினாலு நொடியும் கேக்கறது யாரோட குரல்?"

என் கை மேசை மேல் இருந்தது. சத்தியம் செய்தாகிவிட்டது. தம்பிக்குக் கொடுத்த வாக்கும் கொடுத்ததுதான். ஆர்லிஸைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நான் அவனுக்காக அடி வாங்க நிற்கும்போது பார்த்த பார்வை.

"மேடம்?"

"அவளக் கேக்காதீங்க" என்றான் ஆர்லிஸ்.

"மிஸ்டர் காடில், உங்க முறை வரும்" என்றார் நீதிபதி.

"ஐயா, அவ அளந்தது சரிதான். குரல்தான் என்னுது இல்ல."

மிஸ் ஹோலிஃபீல்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி என்னை இறங்கச் சொல்லி, அவனை ஏற்றி, சத்தியம் வாங்கினார். வீடியோவைப் போடச் சொன்னார். எந்த இடத்தில் உங்கள் குரல் நிற்கிறதோ அங்கே விரலைத் தூக்குங்கள் என்றார்.

திரையில் என் தம்பி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கிட்டார் நின்றது. பிடில் நின்றது. குரல் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆர்லிஸ் விரலைத் தூக்கினான். திரையில் இருந்தவன் சாவியைத் திருகுகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பினான். குரல் போய்க்கொண்டே இருந்தது. விரலைத் தூக்கியபடி அவனும், அவனைப் பார்த்தபடி நாங்களும் மீதிப் பத்து நொடி உட்கார்ந்திருந்தோம். அதற்குமுன் நான் அறிந்த எந்தப் பத்து நொடியும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

கம்பெனி வக்கீல் விடவில்லை. அது அவர் வேலை.

"அப்ப ரெண்டு வருஷமா ஜனங்கள ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்படி ஏமாத்தறவர் டாக்டர்கிட்ட மட்டும் ஏமாத்தாம ஊதினார்னு நாங்க எப்படி நம்பறது?"

ஆர்லிஸ் மூச்சு சேரும்வரை பொறுத்தான்.

"ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான் சார். அங்கயும் மூச்சு இல்ல, இங்கயும் இல்ல. அங்க வெண்டல் இருந்தான். உங்க டாக்டர் ரூம்ல அவன உள்ள விடல."

நீதிபதி தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

விசாரணையில் பேசியது வெளியே வராது. ஆனால் ஆர்லிஸ் தானே, பாடக் கூப்பிட்ட இரண்டு இடத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். வட கரோலினா அம்மாள், "உங்க நேர்மை ரொம்பப் பிடிச்சிருக்கு, பேசிட்டுக் கூப்பிடறேன்" என்றார். கூப்பிடவில்லை. ஒஹாயோக்காரர் வரச் சொன்னார்.

ஏப்ரலில் போனோம். நான் படம் பிடிக்கப் போனை எடுக்கவில்லை. கடைசி வரியில் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆர்லிஸ் வெண்டலிடம் சொல்லி வைத்திருந்தான். சொல்லைப் பிடித்தான். நான்கு நொடி. நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் மைக்கில் அப்படியே கேட்டது, நனைந்த அட்டையைக் கிழிப்பது மாதிரி. மறுபடி பிடித்தான். இரண்டு நொடி. மறுபடி நின்றது. இப்படியே கடைசிவரை போனான். வெண்டல் பிடிலைத் தோளில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, கண்ணில் நீர் வழிய நின்றான்.

பிறகு மேசைக்கு ஒரு பையன் வந்தான், தாடி, புதுத் தொப்பி. "அண்ணே, அந்தக் கடைசி எடத்துல விட்டு விட்டுப் பாடினீங்களே, சிலிர்த்துடுச்சு. எப்படி அந்த யோசனை வந்துச்சு?"

"தானா வந்துச்சு" என்றான் ஆர்லிஸ்.

"அடுத்த வருஷம் பாரு, எல்லாப் பயலும் இப்படியேதான் பாடுவானுங்க" என்றான் வெண்டல். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்ததில் ஆர்லிஸுக்கு இருமல் வந்து, வேனின் பின்கதவைப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றான். அதுதான் அவன் கடைசி மேடை.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இருபத்தாறு பக்கம். அவனுடைய நோய் சுரங்கத் தூசியால் வந்ததுதான், அவன் முழுமையாக இயலாதவன் என்று எழுதியிருந்தது. மிஸ் ஹோலிஃபீல்ட் போனிலேயே அழுதார். அட்டை வந்தது, ஆக்சிஜன் இயந்திரம் வந்தது, லெக்சிங்டனில் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள்.

அழுது முடித்த பிறகு மிஸ் ஹோலிஃபீல்ட் இன்னொன்றும் சொன்னார். போனை மேசையில் வைத்து நாங்கள் இருவரும் கேட்டோம்.

"மிஸ்டர் காடில், கம்பெனி இத விட மாட்டாங்க. உங்க உடம்பு தேறிடுச்சுன்னு சொல்லி வழக்க மறுபடி திறக்கச் சொல்லலாம். அவங்க கையில ஒரு வீடியோ கிடைக்காம பாத்துக்குங்க."

"மேடைல பாடக் கூடாதா?"

"கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனா பாடாதீங்க."

"வீட்டுல?"

"இந்த வழக்குகள்ல ஆள் வெச்சுப் பாப்பாங்க. கார்ல உட்காந்து எடுப்பாங்க. சன்னல் பக்கம் வேண்டாம்."

நூற்றுப்பன்னிரண்டு வீடியோவையும் அன்றே இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். வெண்டல் வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு ஆர்லிஸின் பாட்டுகளை ஊர் ஊராகப் பாடுகிறான். அதற்கு ஆர்லிஸ்தான் வற்புறுத்தினான். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் வெண்டல் போன் போட்டு, கூட்டம் எவ்வளவு, எந்தப் பாட்டுக்குக் கைதட்டினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வான். ஆர்லிஸ் மூக்கில் குழாயோடு கேட்டுக்கொண்டிருப்பான்.

போன வாரம் மதியம் சமையலறையில் உட்கார்ந்து, ஊறுகாய் போடப் பச்சை பீன்ஸின் நார் உரித்துக்கொண்டிருந்தோம். இயந்திரம் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் ஏதோ முணுமுணுத்தான். பிறகு சொற்கள் வந்தன. அந்த முப்பத்தொரு அட்டைகளில் இல்லாத ஒரு வரி. புதியது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் நிறுத்திவிடுவான்.

வெளியே ஒரு கார் எங்கள் திருப்பத்தில் வேகம் குறைந்தது.

அவன் வரியின் நடுவில் நிறுத்தினான். கை அப்படியே நின்றது. நான் எழுந்துபோய்ச் சன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். தபால்காரப் பெண். பெட்டியில் எதையோ போட்டுவிட்டுக் கையசைத்துப் போனாள்.

"தபால்தான்டா" என்றேன்.

சரி என்று தலையசைத்தான். கார் சத்தம் ஓடைப் பக்கம் போய் அடங்கும்வரை காத்திருந்தேன். அதற்கப்புறமும் காத்திருந்தேன். அவன் அடுத்த பீன்ஸை எடுத்து நுனியைக் கிள்ளினான்.